மாரியோவின் புள்ளிக்கோட்டுப் பெட்டிகள்: நான்கு சுவிட்ச் பேலஸ்களையும் கண்டுபிடிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர் மாரியோ வேர்ல்டைப் புதிதாக ஆடத் தொடங்கும் எல்லோரும் சீக்கிரமே ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். அந்தரத்தில் சதுரம் சதுரமாகப் புள்ளிக்கோடுகள் தெரியும். குதித்தால் தலை இடிக்காது, மேலே நிற்கவும் முடியாது, மாரியோ அதற்குள் புகுந்து போய்விடுவார். சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் நான்கைந்து வரிசையாக. பள்ளத்துக்கு மேலே அப்படி ஒரு வரிசையைப் பார்த்தால், இங்கே ஒரு பாலம் இருந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். அந்தப் பாலத்தை வரவழைக்கும் பொத்தான் அந்த லெவலில் இல்லை. வரைபடத்தில் வேறு எங்கோ ஒரு தனி லெவலுக்குள் இருக்கிறது. அந்தத் தனி லெவலுக்குத்தான் சுவிட்ச் பேலஸ் என்று பெயர்.

மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று மொத்தம் நான்கு பேலஸ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அதே நிறத்தில் ஒரு பெரிய சுவிட்ச் இருக்கும். அதன் மேல் குதித்து அமுக்கினால் போதும், அந்த நிறத்துப் புள்ளிக்கோட்டுச் சதுரங்கள் எல்லாம், கேம் முழுக்க எந்த லெவலில் இருந்தாலும், ஆச்சரியக்குறி போட்ட கெட்டியான பெட்டிகளாக மாறிவிடும். நீங்கள் இன்னும் எட்டிப் பார்க்காத உலகங்களிலும் மாறியிருக்கும், ஏற்கெனவே முடித்துவிட்டு வந்த லெவல்களிலும் மாறியிருக்கும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒரு சுவிட்சை அமுக்கியதும் முன்னால் ஓடாமல், ஒருமுறை பின்னால் திரும்பிப் போய்ப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்திச் சொல்லப்போவது பெரும்பாலும் அதுதான்.

நம் ஊரில் பலருக்கு மாரியோ என்றால் டிவியில் மாட்டி கேசட் செருகி ஆடிய 8 பிட் கேம். அதில் இடமிருந்து வலம் ஓடினால் முடிந்தது, திரும்பிப் போக வழியே கிடையாது. சூப்பர் மாரியோ வேர்ல்ட் அதற்குப் பின்னால் வந்தது. 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கருவியோடு சேர்ந்தே வெளியானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்தபோது கருவியின் பெயர் சூப்பர் நின்டெண்டோ. தகாஷி தெசுகா இயக்கினார், ஷிகேரு மியாமோட்டோ தயாரித்தார். இதில் ஒரு பெரிய வரைபடம் உண்டு. முடித்த லெவலுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போகலாம். செய்த முன்னேற்றத்தைச் சேமித்தும் வைக்கலாம். சுவிட்ச் பேலஸ் என்ற யோசனை எடுபடுவதே இந்த வசதிகளால்தான். திரும்பிப் போக முடியாத கேமில், பழைய லெவலில் ஒரு பாலம் புதிதாக முளைத்து என்ன பயன்?

இன்று இதை ஆட எளிய வழி, நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஆன்லைன் சந்தாவோடு கிடைக்கும் சூப்பர் நின்டெண்டோ தொகுப்பு. பழைய கேம்பாய் அட்வான்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 2 என்ற பெயரில் இதே கேம் உண்டு. கீழே சொல்வதெல்லாம் முதலில் வந்த சூப்பர் நின்டெண்டோ பதிப்பை வைத்து.

மூன்று வகை சுவிட்சுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கிளம்பும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. லெவல்களுக்குள் பி (P) என்ற எழுத்து போட்ட நீலச் சுவிட்ச் ஒன்று வரும். அதை அமுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நாணயங்கள் பெட்டிகளாகும், பெட்டிகள் நாணயங்களாகும். இசை மாறும், நேரம் தீர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதே பி சுவிட்ச் வெள்ளி நிறத்தில் வந்தால் எதிரிகளை நாணயங்களாக்கும். இன்னொன்று ஆன், ஆஃப் என்று மாறும் பெட்டி. சில லெவல்களில் நகரும் மேடைகளின் போக்கை அது மாற்றும். இந்த இரண்டும் அந்தந்த லெவலோடு சரி. லெவலை விட்டு வெளியே வந்தால் அவற்றின் வேலை முடிந்தது.

பேலஸில் இருக்கும் பெரிய சுவிட்ச் மட்டும்தான் நிரந்தரம். ஒருமுறை அமுக்கினால் அந்த சேவ் கோப்பில் அது என்றைக்கும் அமுக்கியதுதான். திரும்ப அணைக்க முடியாது. அமுக்கிய பிறகு அந்தப் பேலஸுக்குள் மறுபடி நுழையவும் முடியாது. இருவர் மாறி மாறி ஆடும்போது மாரியோ அமுக்கிய சுவிட்ச் லூய்ஜிக்கும் சேர்த்துத்தான். ஏனென்றால் வரைபடம் இருவருக்கும் ஒன்றே.

கைப்பழக்கம்

பட்டன்களை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். பி (B) குதிக்க. ஏ சுழன்று குதிக்க. மாரியோ பெரியவராக இருக்கும்போது சுழன்று குதித்தால் காலுக்குக் கீழே உள்ள மஞ்சள் சுழல் பெட்டிகள் உடையும். ஒய் அல்லது எக்ஸ் ஓட, பொருட்களைத் தூக்கிப் பிடிக்க. செலக்ட் அமுக்கினால் திரைக்கு மேலே உள்ள சின்னப் பெட்டியில் சேமித்து வைத்திருக்கும் பொருள் கீழே விழும். எல், ஆர் பட்டன்கள் திரையை இடமும் வலமும் கொஞ்சம் நகர்த்திக் காட்டும். ஒரு சுவருக்கு அப்பால் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க இது போதும். புதிதாக ஆடுகிறவர்கள் இந்த இரண்டு பட்டன்களையும் அனேகமாகத் தொடுவதே இல்லை. ரகசிய வாசல் தேடும்போது இவைதான் உதவும்.

அப்புறம் இன்னொரு வசதி. ஏற்கெனவே முடித்த லெவலுக்குள் இருக்கும்போது ஸ்டார்ட் அமுக்கி நிறுத்திவிட்டு செலக்ட் அமுக்கினால் நேராக வரைபடத்துக்கு வந்துவிடலாம். முழுதாக ஆடி முடிக்கத் தேவையில்லை. இறகோ காளானோ எடுக்க மட்டும் பழைய லெவலுக்குப் போய் வர இது ரொம்ப வசதி.

வரைபடத்தில் நிறத்தைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். லெவலைக் குறிக்கும் புள்ளி மஞ்சளாக இருந்தால் அதை முடித்து வெளியேற ஒரே வாசல். சிவப்பாக இருந்தால் இரண்டு. இரண்டாவது வாசல் பெரும்பாலும் ஒரு சாவியும் சாவித்துவாரமும்தான். சாவியைத் தூக்கிக்கொண்டு போய் துவாரத்தைத் தொட்டால் லெவல் முடிந்து, வரைபடத்தில் புதிய பாதை ஒன்று திறக்கும். மாரியோ ஏறிப் போகும் டைனோசரான யோஷி மேல் ஏறியிருந்தால் அவர் வாயில் சாவியை வைத்துக்கொண்டு போனாலும் செல்லும். நான்கு பேலஸ்களில் மூன்றுக்கு வழி இப்படிச் சாவி வழியாகத்தான்.

மஞ்சள்: முதலில் இடப்பக்கம்

கேம் தொடங்கும் இடம் யோஷியின் வீடு. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் யோஷிஸ் ஐலண்ட் 2, இடப்பக்கம் யோஷிஸ் ஐலண்ட் 1. மாரியோ என்றாலே வலப்பக்கம் ஓடுவது என்று கை பழகியிருப்பதால் பலர் வலப்பக்கமே போய்விடுவார்கள். கதை அந்தப் பக்கம்தான் நகரும், தப்பொன்றுமில்லை. ஆனால் மஞ்சள் பேலஸ் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக இடப்பக்கம் போங்கள்.

யோஷிஸ் ஐலண்ட் 1-இல் திரை அளவுக்குப் பெரிய குண்டு ஒன்று உங்களை நோக்கிப் பறந்து வரும். பயப்பட வேண்டாம், அதன் தலையில் குதித்தால் விழுந்துவிடும். ஊதா நிறத்தில் குட்டி டைனோசர் மாதிரி வரும் ரெக்ஸ்களை இரண்டு முறை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் நசுங்கிக் குள்ளமாகி இன்னும் வேகமாக ஓடிவரும். சரிவான இடங்களில் கீழ் பட்டனைப் பிடித்தால் மாரியோ சறுக்கிக்கொண்டே போய் எதிரிகளைத் தட்டிவிடுவார். கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பட்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அதுதான் வாசல். இங்கே சாவி எதுவும் தேட வேண்டாம். சாதாரணமாக முடித்தாலே குன்றின் மேல் உள்ள மஞ்சள் பேலஸுக்குப் பாதை திறந்துவிடும்.

பேலஸ்கள் எல்லாமே குட்டி லெவல்கள். ஒரு அறை, கொஞ்சம் நாணயம், ஒரு பி சுவிட்ச் என்று சீக்கிரம் முடிந்துவிடும். கடைசி அறையில் பெரிய சுவிட்சின் மேல் குதியுங்கள். ஒரு செய்தி வரும், பிறகு வரைபடத்தில் பேலஸிலிருந்து மஞ்சள் பெட்டிகள் நாலாபுறமும் தெறித்துப் பறக்கும். அந்தக் காட்சி எனக்கு இந்தக் கேமிலேயே மிகப் பிடித்த ஒன்று. அமுக்கியது ஓர் அறையில், பலன் போய்ச் சேர்வது உலகம் முழுக்க என்பதை ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள். அத்தோடு, விளையாட்டைச் சேமிக்கவா என்ற கேள்வியும் வரும். முதல் பதிப்பில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. கோட்டை, பேய்வீடு, சுவிட்ச் பேலஸ் மாதிரி இடங்களை முடித்தால்தான் அந்த வாய்ப்பு. கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் வரைபடத்தில் இருந்தபடியே எப்போது வேண்டுமானாலும் சேமிக்கலாம்.

மஞ்சள் பெட்டியைக் கீழிருந்து முட்டினால் ஒரு காளான் வரும். சின்ன மாரியோவைப் பெரியவராக்கும் அதே காளான். நீங்கள் ஏற்கெனவே பெரியவராக இருந்தால் அது மேலே உள்ள சேமிப்புப் பெட்டிக்குப் போகும். அதில் அதைவிட நல்ல பொருள் இருந்தால் அப்படியே இருக்கும். புதியவருக்கு இதன் மதிப்பு ரொம்ப அதிகம். முதல் உலகத்திலிருந்தே வழியில் இலவசக் காளான்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும், அடிபட்டாலும் சீக்கிரம் தேறிவிடலாம். இதனால்தான் மஞ்சளை மட்டும் யாரும் விடக் கூடாது என்று சொல்வேன். ஐந்து நிமிட வேலை, கேம் முடியும்வரை பலன்.

பச்சை: இறகுகள் வேண்டுமென்றால்

யோஷிஸ் ஐலண்டின் கடைசியில் இக்கியின் கோட்டையை முடித்ததும் டோனட் ப்ளைன்ஸ் வரும். முதல் லெவலான டோனட் ப்ளைன்ஸ் 1-இல் மேலாடை அணிந்து பறந்து வரும் கூப்பா என்ற ஆமைகளைப் பார்ப்பீர்கள். அவற்றை வீழ்த்தி இறகை எடுத்தால் மாரியோவுக்கு மேலாடை கிடைக்கும், பறக்கலாம். ஓட்டப் பட்டனைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடுங்கள். மாரியோ இரண்டு கையையும் விரித்தபடி ஓடத் தொடங்கியதும் பி அமுக்கிக் குதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரம் குறையத் தொடங்கும்போது எதிர்த் திசையைத் தட்டினால் காற்று பிடித்து மறுபடி எழும்பும். முதலில் கை ஒத்துழைக்காது. சமதளமான இந்த லெவலில் நிதானமாகப் பழகுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும்.

டோனட் ப்ளைன்ஸ் 1-க்கு இரண்டு வாசல், புள்ளி சிவப்பு. அதன் சாவி இருக்கும் இடத்துக்குப் போக இரண்டு வழி: ஒன்று மேலாடையோடு பறந்து போவது, இன்னொன்று பச்சைப் பெட்டிகளை வரவழைத்து அவற்றின் உதவியோடு போவது. பறக்கத் தெரிந்தவர் இப்போதே போகலாம். தெரியாதவர் அங்கே பிடிவாதமாக உயிரை விட வேண்டாம். சாதாரண வாசலில் வெளியே வந்து டோனட் ப்ளைன்ஸ் 2-க்குப் போங்கள். பச்சைப் பேலஸின் சாவி அங்கேதான் இருக்கிறது.

டோனட் ப்ளைன்ஸ் 2 ஒரு குகை. அதில் மஞ்சள் நிறத் தரைகள் மெதுவாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். கூரைக்கும் தரைக்கும் நடுவே மாட்டினால் நசுங்கிவிடுவோம் என்ற பயத்தில் எல்லோரும் கீழேயே பார்த்தபடி அவசரமாகக் கடந்துவிடுவார்கள். அந்த அவசரத்தில்தான் சாவி தப்பிப்போகிறது. கடைசிப் பகுதிக்கு வந்ததும் வெளியே போகும் குழாய்க்குள் உடனே இறங்காதீர்கள். மேலே எட்டாத உயரத்தில் உள்ள பெட்டிகளைப் பாருங்கள், கையில் ஒரு ஆமை ஓடு இருந்தால் மேல்நோக்கி வீசிப் பாருங்கள். மேல் பட்டனைப் பிடித்தபடி ஓட்டை விட்டால் அது நேரே மேலே பறக்கும். இந்தக் கேமில் பெட்டிக்குள்ளிருந்து கொடி முளைத்து மேலே போவது அடிக்கடி நடக்கும். கொடி கண்டால் ஏறிவிட வேண்டும்.

சாவியைத் துவாரத்தில் சேர்த்ததும் பச்சைப் பேலஸுக்குப் பாதை திறக்கும். உள்ளே போய் அமுக்குங்கள். பச்சைப் பெட்டிகளை முட்டினால் இறகு வரும். என் கணிப்பில் நான்கில் மிக உயர்ந்த பரிசு இதுதான். மேலாடை இருந்தால் பறக்கலாம், உயரத்திலிருந்து மெதுவாக மிதந்து இறங்கலாம், சுழன்று அடிக்கலாம். பல ரகசிய வாசல்களுக்கு அதுதான் வழி. ஒருமுறை அடிபட்டு அதை இழந்தாலும் அடுத்த பச்சைப் பெட்டி எங்கே என்று தெரிந்திருந்தால் கவலையில்லை. முட்டிய பெட்டி காலியாகிவிடும்தான், ஆனால் லெவலை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடி நிறைந்திருக்கும்.

இப்போது டோனட் ப்ளைன்ஸ் 1-க்குத் திரும்பிப் போங்கள். முன்பு புள்ளிக்கோடாகத் தெரிந்த இடங்களில் பச்சைப் பெட்டிகள் கெட்டியாக நிற்கும். சாவியை எடுத்து முடித்தால் டோனட் சீக்ரெட் 1 திறக்கும். அங்கிருந்து தொடரும் பாதை, வரைபடத்தின் பல இடங்களைக் குறுக்குவழியாக இணைக்கும் நட்சத்திரச் சாலைவரை போகும். இடம் ஒன்றுதான், மாறியது நீங்கள் வேறெங்கோ செய்த ஒரு காரியத்தால். ரகசியம் என்றால் என்ன என்பதை இந்த ஒரு லெவல் கற்றுக்கொடுத்துவிடும்.

இந்த உலகத்திலேயே இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது, சுவிட்ச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் விட மனசில்லை. டோனட் பேய்வீட்டின் தொடக்கத்திலேயே மேலாடையோடு மேலே பறந்து கூரை ஓரமாகப் போனால் ஒரு ரகசிய வாசல். அது டாப் சீக்ரெட் ஏரியா என்ற குட்டி இடத்துக்குக் கொண்டுபோகும். அங்கே பூ, இறகு, யோஷி எல்லாம் பெட்டிகளில் காத்திருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். அடுத்த பேலஸ்களைத் தேடப் போகும் முன் இங்கே வந்து தயாராகிக்கொண்டு கிளம்பலாம்.

சிவப்பு

மார்ட்டனின் கோட்டையைத் தாண்டினால் வனிலா டோம், முழுக்கக் குகை உலகம். முதல் லெவலில் ஒரு சாவி உண்டு, ஆனால் அதற்கு வழி போடுவது சிவப்புப் பெட்டிகள். முதல் முறை அதைத் தேடி நேரம் செலவழிக்காமல் சாதாரண வாசலில் முடித்துவிட்டு வனிலா டோம் 2-க்குப் போங்கள். சிவப்புப் பேலஸுக்கான சாவி இந்த இரண்டாம் லெவலில்.

வனிலா டோம் 2-இல் பாதி நீச்சல். மாரியோ நீந்த பி பட்டனை விட்டு விட்டு அமுக்க வேண்டும். கையில் ஏதாவது பொருளைப் பிடித்துக்கொண்டால் நீந்துவது வேகமாகும், அமுக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகு நிதானமாக ஆடுங்கள். சாவி எங்கே என்று பார்த்துப் பார்த்துத் தேடும் இடம் இது. அதனால் எந்த ரகசிய வாசலுக்கும் பொருந்தும் மாதிரி எப்படித் தேடுவது என்று சொல்லிவிடுகிறேன். எட்டாத உயரத்தில் காரணமே இல்லாமல் நாணயம் இருந்தால் அங்கே போக ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம். பி சுவிட்ச் ஒன்று கிடைத்தால் கண்ட இடத்திலேயே மிதிக்காமல் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். பெட்டிகளோ நாணயங்களோ வழியை அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மிதியுங்கள். சுழல் பெட்டிகளால் ஆன தரை என்றால் அதன் மேல் சுழன்று குதித்துக் கீழே இறங்கிப் பாருங்கள். முட்டுச்சந்து போல் தெரியும் மூலைக்குப் போய் எல், ஆர் அமுக்கிப் பாருங்கள். லெவல் வரைந்தவர்கள் எதையும் சும்மா வைக்கவில்லை. ஒரு வெற்றிடம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கும் காரணம் இருக்கும்.

சிவப்புப் பெட்டியை முட்டினால் ஒன்றும் வராது. வெறும் கெட்டிப் பெட்டி, அவ்வளவுதான். நீலமும் அப்படித்தான். ஒன்றும் வராததைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இவை படியாக, பாலமாக, தடுப்பாக நிற்கத்தான். வனிலா டோம் 1-க்குத் திரும்பிப் போனால் அது புரியும். சிவப்புப் பெட்டிகளின் மேல் ஏறி அந்தச் சாவிக்குப் போகும் மேல் வழியைப் பிடிக்கலாம். அந்தச் சாவியால் திறக்கும் வனிலா சீக்ரெட் 1-இலும் இரண்டு வாசல்கள், ஒன்று நட்சத்திரச் சாலைக்கு.

நீலம்: காட்டுக்குள், தண்ணீருக்கு அடியில்

நான்காவது உலகமான ட்வின் பிரிட்ஜஸில் பேலஸ் இல்லை. அதைக் கடந்து லுட்விக்கின் கோட்டையை முடித்தால் ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன் என்ற காடு. பெயருக்கு ஏற்ற இடம். சாதாரண வாசல்களிலேயே முடித்துக்கொண்டு போனால் பாதை சுற்றிச் சுற்றி காட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விடும். வெளியேற ரகசிய வாசல்களைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இதுவரை சாவி தேடாமலே வந்தவர்கள் இங்கே திணறுவார்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் சாவி தேடிப் பழகியவர்களுக்கு இந்தக் காடு கை வந்த இடம். வழியிலேயே பேலஸ்களைத் தேடிக்கொண்டு வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் லெவலை முடித்தால் ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன் 2 திறக்கும். இது முழுக்கத் தண்ணீருக்குள். முள்ளுருண்டைகள் மெதுவாகச் சுற்றிவரும், நடுவே புகுந்து போக வேண்டும். சாவியை மறைத்திருப்பது சுவருக்குப் பின்னால். பார்க்கக் கெட்டியான பாறை மாதிரி இருக்கும் சுவருக்குள் நீந்திப் புகுந்துவிட முடியும். கடைசிக்குப் பக்கத்தில் வந்ததும் சுவரோரமாக நீந்தியபடி முட்டிப் பாருங்கள். மாரியோ நிற்காமல் உள்ளே போனால் அதுதான் இடம். சாவி கிடைத்ததும் நீலப் பேலஸ், அத்தோடு நான்கும் முடிந்தது.

நீலப் பெட்டிகளின் பயனைக் கேமின் பின்பாதியில் தான் உணர்வீர்கள்.  அங்கே எங்காவது ஒரு ஆச்சரியக்குறிப் பெட்டி காலடியில் கிடைத்தால், அது முன்பு நீங்கள் போட்டு வைத்த கல்.

கணக்கு

இந்தக் கேமில் மொத்தம் 96 வாசல்கள். சேவ் கோப்புக்குப் பக்கத்தில் தெரியும் எண் அதுதான். நான்கு பேலஸ்களும் தலா ஒன்றாக இந்தக் கணக்கில் சேரும். அதனால் 96-ஐத் தொட வேண்டும் என்றால் பேலஸ்களை விட்டுவிட முடியாது. எண் முழுமையானதும் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரும்.

அதே சமயம் கதையை முடிக்க மட்டும் என்றால் ஒரு சுவிட்சைக்கூட அமுக்கத் தேவையில்லை. கடைசி எதிரியான பவுசரை வீழ்த்த எந்த நிறமும் கட்டாயம் இல்லை. இது நல்ல வடிவமைப்பு என்று நினைக்கிறேன். உதவி வேண்டுமென்றால் வழியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போய் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் புள்ளிக்கோட்டைத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டே இருக்கலாம். கேம் யாரையும் தடுப்பதில்லை, யாரையும் கெஞ்சுவதுமில்லை. ஆனால் விட்டது எங்கே என்று ஆங்காங்கே புள்ளிக்கோட்டில் வரைந்து காட்டிவிடுகிறது. சிரமம் எளிது, நடுத்தரம், கடினம் என்று முதல் திரையிலேயே கேட்கும் கேம்களை விட இந்த முறை எனக்கு எப்போதும் மேலாகவே படுகிறது. ஏனென்றால் இங்கே எளிமையை நாமே ஆடிச் சம்பாதிக்கிறோம்.

இதைப் பழகியவர்களுக்கு அடுத்தது

1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இல் இதே யோசனை முப்பரிமாணத்தில் வருகிறது. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சுவிட்சுகள், அவற்றால் கெட்டியாகும் பெட்டிகளுக்குள் மூன்று தொப்பிகள். சிவப்புப் பெட்டிக்குள் இறக்கைத் தொப்பி, பச்சைக்குள் உலோகத் தொப்பி, நீலத்துக்குள் சுவரை ஊடுருவ வைக்கும் தொப்பி. சுவிட்சுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சுருக்கமாக: 10 நட்சத்திரங்கள் சேர்ந்ததும் கோட்டையின் நுழைவுக் கூடத்தில் மேலிருந்து ஒளி விழும். தரையில் உள்ள சூரியன் மேல் நின்று மேலே பாருங்கள், சிவப்பு சுவிட்ச் இருக்கும் கோபுரத்துக்குப் போய்விடுவீர்கள். பச்சை, ஹேஸி மேஸ் கேவ் என்ற குகையின் அடியில் உள்ள ஏரியைத் தாண்டி. அந்த ஏரியில் டோரி என்ற பெரிய உயிர் நீந்திக்கொண்டிருக்கும், அதன் மேல் ஏறிப் போகலாம். நீலத்துக்குக் கோட்டையின் அடித்தளத்தில் உள்ள இரண்டு தூண்களின் மேல் ஏறி, குதித்து அமுக்கி அகழித் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு வெளியே வந்து வறண்ட அகழிக்குள் இறங்கினால் வழி தெரியும். வரிசை இதே மாதிரி, சிவப்பு முதலில். பறக்கத் தெரிந்த பிறகுதான் அந்தக் கேமின் அகலம் பிடிபடும்.

சூப்பர் மாரியோ வேர்ல்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. நான்கையும் அமுக்கி முடித்த கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது கோப்பில் புதிதாகத் தொடங்கி ஒரு சுவிட்சும் அமுக்காமல் ஆடிப் பாருங்கள். மூன்று கோப்புகளுக்கு இடம் உண்டு. யோஷியின் வீட்டிலிருந்து இந்த முறை நேரே வலப்பக்கம். இலவசக் காளான் கிடையாது, பள்ளங்களுக்கு மேல் பாலம் கிடையாது, இறகு வேண்டுமென்றால் கூப்பாவிடமிருந்தோ டாப் சீக்ரெட் ஏரியாவிலிருந்தோதான். எந்தப் பள்ளத்தில் நின்று யோசிக்க நேர்கிறதோ, அதே இடத்தை முதல் கோப்பில் போய் ஒருமுறை பாருங்கள்.